38 வருஷம் கழிச்சு வாய் திறக்கிறவன் எதுக்குத் திறக்கிறான்?

கேள்வி, 4 மே 2025 (வாசகர் ஒருவர் போட்டது)

ஐம்பது தாண்டினவன் பழைய உண்மையை எடுத்து வெளியே வைக்கிறதுக்குப் பேரு தைரியம் இல்லை, வயசான பயம். சாகிறதுக்கு முந்தி மனசைக் கழுவிக்கணும், அதுக்குக் குடும்பத்தைப் பலி கொடுக்கிறான். செத்தவங்களுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் கிடையாது. மறுக்கிறவங்க வாதத்தோட வாங்க.

4 மே, இரவு (என் பதில்)

மறுக்கிறேன். செத்தவங்களுக்குப் பிள்ளைகள் இருக்கு. மிச்சத்தை நாளைக்கு எழுதுறேன், இன்னைக்கு மனசு நிலையில இல்லை.

5 மே

வாதம் கேட்டீங்க. என்கிட்ட இருக்கிறது நடந்துக்கிட்டிருக்கிற ஒரு விஷயம். அதையே சொல்றேன்.

எங்க வீடு குமரி மாவட்டத்துல கருங்கல்ங்கிற ஊர்ப் பக்கம். அப்பா 1985-ல போனாங்க, உயில் எழுதல. அம்மா, அண்ணன், அக்கா, நான். சொத்துன்னா 84 சென்ட் விளை. மேல் பாதி ரப்பர், கீழே தென்னை. அண்ணனுக்கும் எனக்கும் பதினஞ்சு வயசு வித்தியாசம். அப்பாவுக்குப் பிறகு என்னைப் படிக்க வச்சது அண்ணன்தான். விடியுறதுக்கு முந்தி தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போவாரு, ஷீட் அடிச்சுக் காயப் போட்டுட்டு அதுக்கப்புறம் வேலைக்குப் போவாரு. என் காலேஜ் ஃபீஸ் அந்த ஷீட் வித்த காசு. இதை முதல்லயே எழுதி வைக்கிறேன். இனி வர்றதை வாசிச்சிட்டு யாரும் அவரை வில்லனாக்கிப் பேசக்கூடாது.

என் பேருல உள்ள 20 சென்ட் போக மிச்சம் 64 சென்டை விக்கலாம்னு அண்ணன் மக்கள் இப்போ பேச்சு எடுத்தாங்க. வாங்க வந்தவரு வில்லங்கம் போட்டுப் பார்த்தாரு. 1987-ல ஒரு விடுதலை ஆதாரம் பதிவாகியிருக்கு (பத்திரத்தை எங்க ஊர்ல ஆதாரம்னு சொல்லுவோம்; இது பங்கை விட்டுக் கொடுக்கிற பத்திரம்). அக்கா தனக்குள்ள உரிமையை அண்ணனுக்கும், அப்போ மைனரா இருந்த எனக்கும் விட்டுக் கொடுத்ததா எழுத்து. நகல் எடுத்துப் பார்த்தா, எழுதிக் கொடுத்தவர் ஒப்பம் போட வேண்டிய இடத்துல இடது பெருவிரல் ரேகை. 'எழுதப் படிக்கத் தெரியாதவர்'னு பக்கத்துலயே எழுதியிருக்கு.

அக்கா எட்டாம் கிளாஸ் படிச்சவ. சபையில பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு மினிட்ஸ் எழுதினது அவ. நான் ஹாஸ்டல்ல இருந்த காலத்துல எனக்கு இன்லண்ட் லெட்டர் போடுவா. ஓரத்துல இடம் விடமாட்டா. மூணு பக்கமும் நிறைஞ்ச பிறகு, ஒட்டுற மடிப்புல பொடி எழுத்துல 'பல் வலி போச்சா, உப்புத் தண்ணி கொப்பளி'ன்னு எழுதி, அதுக்குக் கீழே கையெழுத்து.

ஆதாரம் பதிவான நாள் அவ நெய்யூர் ஆஸ்பத்திரியில கிடந்தா. அதுக்கு முந்தின நாள்தான் ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்தாங்க. தூக்குப் பாத்திரத்துல கஞ்சி கொண்டு போனவன் நான். எழும்பி உக்கார முடியல, ஸ்பூன்ல கொடுத்தேன். அன்னைக்குப் பிறந்த பிள்ளைக்கு இப்போ 38 வயசு. அக்கா 2011-ல போயிட்டா.

அந்த நகலை வச்சுக்கிட்டு அக்காவுக்க மக, என் மருமக, எனக்கு போன் பண்ணினா. "மாமா, எனக்க அம்மை கைநாட்டா?" அவ்வளவுதான் கேட்டா.

6 மே

"உங்க வீடு எந்த இடத்துல நிக்குது?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நியாயமான கேள்வி. அதே விளைதான். கிழக்கு ஓரம் என் பேருக்கு வந்த 20 சென்ட்ல 2004-ல வீடு வச்சேன். நான் வாய் திறந்தா என் காலடி மண்ணும் சேர்ந்துதான் அசையும்.

8 மே

ஏன் 1987, ஏன் 1986-க்கு முந்தி இல்லைன்னு கேட்ட தம்பிக்கு. இது குமரி மாவட்டத்துக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம், கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்ந்துது. சட்டம் எல்லாம் அன்னைக்கே மாறிடல. கிறிஸ்தவங்க சொத்துக்குத் திருவிதாங்கூர் காலத்து 1916-ம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருந்தது. அதுல மகனுக்குள்ள பங்குல கால்வாசி, இல்லைன்னா 5,000 ரூபாய், இதுல எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்தாச்சுன்னா அதுவும் இல்லை. 1951-ல மத்திய சட்டம் வந்தப்பவே அது செத்துப்போச்சுன்னு சென்னை உயர்நீதிமன்றம் 1974-ல ஒரு வழக்குல சொல்லிச்சு. அதே நீதிமன்றத்துல இரண்டு நீதிபதி அமர்வு வேற வழக்குல 'இல்லை, இன்னும் உயிரோட இருக்கு'ன்னு சொல்லிட்டாங்க, அது 1978 தீர்ப்புத் தொகுப்புல இருக்கு. அந்தக் காலத்துல கல்யாணமான நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இந்த இழுபறியே தெரியாது.

பிறகு மேரி ராய் வழக்கு. அப்பா சொத்துல மகளுக்கும் சம பங்கு கேட்டு கேரளத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருத்தர் போட்டது. 1986 பிப்ரவரி 24-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. திருவிதாங்கூர் சட்டம் 1951 ஏப்ரல் 1-லயே ஒழிஞ்சுபோச்சு, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பழைய காலத்துக்கும் சேர்த்து.

அதுக்கப்புறம் எங்க ஊர்ல எத்தனையோ வீட்டுல அக்கா தங்கச்சிமாரை அவசரமா விருந்துக்குக் கூப்பிட்டு ஆதாரத்துல ஒப்பம் வாங்கினாங்க. பலரும் சந்தோஷமாவே போட்டாங்க, சிலர் அழுதுக்கிட்டு போட்டாங்க. எங்க வீட்டுல அந்தக் கேள்வியையே அவகிட்ட கேக்கல.

மேரி ராய் 1933-ல பிறந்தவங்க. சொந்த அண்ணன் இருக்கும்போதே 1983-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. ஐம்பதை ஒட்டின வயசு. வயசான பயம்னு இதையும் சொல்லுவீங்களா?

9 மே

"38 வருஷமாச்சு, காலாவதி"ன்னு ரெண்டு பேரு எழுதியிருக்காங்க. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். மருமகளுக்க வக்கீல் சொன்னது இது. மோசடியா இருந்தா, அது தெரிய வந்த நாள்ல இருந்து, இல்லைன்னா கவனமா இருந்தா தெரிஞ்சிருக்கக்கூடிய நாள்ல இருந்துதான் கெடு ஓடும், காலவரையறைச் சட்டம் 17-வது பிரிவு. அவளுக்குத் தெரிஞ்சது இந்த வருஷம். எதிர்த்தரப்பு 'உங்க அம்மாவுக்கு அப்பவே தெரியும்'னு வாதாடலாம், அதை அவங்க நிரூபிக்கணும்.

பதிவுத்துறையிலயே மனு போட்டு ரத்து பண்ணலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. ஆள்மாறாட்டப் பத்திரத்தை ரத்து பண்ண மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் கொடுத்து தமிழ்நாட்டுல 2022-ல 77-ஏ பிரிவு வந்தது. அது செல்லாதுன்னு 2024-ல உயர்நீதிமன்றம் சொல்லிட்டுது. இப்போ சிவில் கோர்ட்தான் வழி.

என்னைத் தூங்க விடாதது இன்னொரு விஷயம். 30 வருஷம் ஆன ஆதாரம் சரியான இடத்துல இருந்து வந்தா, அதுல உள்ள ஒப்பம், கையெழுத்து எல்லாம் உண்மைன்னு கோர்ட் எடுத்துக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்துல 90-வது பிரிவு, போன வருஷம் ஜூலையில நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துலயும் இருக்கு. காகிதம் பழசாக ஆக அதுக்குப் பலம் கூடுது. கண்ட ஆளுக்கு வயசாக ஆக ஞாபகம் மங்குது, ஒருநாள் ஆளும் இல்லாம போறான். அந்த ஆதாரத்துல சாட்சி போட்ட ரெண்டு பேரும் இப்போ இல்லை. எழுதினவரு இல்லை. அம்மா 1999-ல போயிட்டாங்க. அக்காவுக்க மாப்பிள்ளையும் இல்லை. அன்னைக்கு அவ எந்தக் கட்டில்ல கிடந்தான்னு கண்ணால பார்த்தவங்கள்ல நானும் அண்ணனுக்க பெண்சாதியும்தான் மிச்சம். மைனி சொல்லமாட்டாங்க.

நானும் போயிட்டா அந்த ரேகை அக்காவுக்க ரேகைதான். எட்டாம் கிளாஸ் படிச்சவ கைநாட்டாவே நிலைச்சிடுவா.

9 மே, பிறகு

வக்கீல் நண்பர் ஒருத்தர் திருத்தியிருக்காரு. அந்த 30 வருஷ அனுமானம் அசல் ஆதாரத்துக்கு, நகலுக்கு இல்லை. அதுவும் கோர்ட் 'எடுத்துக்கலாம்'தான், எடுத்தே தீரணும்னு இல்லை, மாற்றுச் சாட்சியம் வந்தா உடையும். நன்றி. அசல் அண்ணன் பீரோவுல இருக்கு.

12 மே

துணிவுக்கு எந்த வயசுங்கிற பேச்சு, குமரியைத் தமிழ்நாட்டோட சேர்க்கப் போராடின தலைவர் நேசமணிக்குத் திரும்பிட்டுது. நல்லது, நானும் கொஞ்சம் பேசுறேன்.

நேசமணி ஐயா நாகர்கோவில்ல வக்கீலா வந்த புதுசுல, கோர்ட்ல ஒரு சாராருக்கு மட்டும் முக்காலி போட்டிருந்ததை உதைச்சுத் தள்ளி நாற்காலி கேட்டாருன்னு எங்க தாத்தா காலத்துல இருந்து சொல்லுவாங்க. அது இருபத்தஞ்சு வயசு ஆளுக்க வேகம். எனக்குப் பெருசாத் தெரியுறது அது இல்லை. அவர் 1895-ல பிறந்தவரு. அந்தப் போராட்டத்தை நடத்தின திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசோட முன்னால வந்து நின்னப்போ ஐம்பது தாண்டியாச்சு. 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூடு நடந்தப்போ வயசு 59. வக்கீல் தொழில், பேரு, வசதி எல்லாம் கையில இருந்தது. இழக்க ஒண்ணும் இல்லாதவன் காட்டுற துணிவு வேற. எல்லாம் இருக்கிறவன், கணக்குப் போட்டுப் பார்த்து, எது எது போகும்னு தெரிஞ்சே இறங்குறது வேற.

தேவசகாயம் பிள்ளையை இதுல கொண்டு வந்தவருக்கு: ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில 1752-ல கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவரை என் 20 சென்ட் பக்கத்துல வைக்காதீங்க. அது வேற உயரம்.

14 மே

நேத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்கு 70 வயசு, சுகர், ஒரு கண்ணுல ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. மைனி கட்டஞ்சாயா போட்டுத் தந்தாங்க. நான் வந்த காரியம் அவங்களுக்குத் தெரியும், டம்ளரை வச்சிட்டு உள்ளே போயிட்டாங்க.

நான் நேரா கேட்டேன். "அண்ணா, 87-ல அந்த ஆதாரத்துக்கு அக்கா வரலியே. அது யாருக்க கை?"

ரொம்ப நேரம் பேசல. பிறகு, "சீதனமா பன்னிரண்டு பவுன் போட்டோம். கடன் வாங்கித்தான் போட்டேன். அந்தக் கடனை அடைக்க எத்தனை வருஷம் பால் வெட்டினேன், தெரியுமாலே உனக்கு?"

"தெரியும்."

"நீ எனக்க சோத்தைத் தின்னு வளந்தவன். இப்ப கோர்ட்ல ஏறி எனக்கு எதிரா நிப்பியோ?"

"உங்களுக்கு எதிரா நிக்கல. அக்காளுக்கு வேண்டி நிக்கேன்."

"அம்மைக்கும் தெரியும்லே." இதைச் சொன்னப்போ அவர் குரல் உடைஞ்சுது. யாருக்க கைன்னு மட்டும் கடைசி வரை சொல்லல.

எழும்பி வரும்போது சத்தமா ஒண்ணு சொன்னாரு. "எனக்க சாவுக்கு வராண்டாம்." வருவேன்னு சொல்லிட்டு வந்தேன்.

15 மே

அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா? ராத்திரி முழுக்க அதுதான். விதவையா, மைனர் பிள்ளையோட, மூத்த மகன் சம்பாத்தியத்தை நம்பி இருந்த ஒரு பொம்பளை. அவங்க தலையாட்டியிருக்கலாம். அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா அம்மா சம்மதம் அக்காவுக்க சம்மதம் ஆகாது. இதை மட்டும் பிடிச்சுக்கிட்டு விடிய வச்சேன்.

16 மே

அம்மாவைப் பத்தி எழுதினதைப் பார்த்துட்டு ஒரு அம்மா ஒரு கணக்கு எழுதியிருக்காங்க. இந்த இழையிலயே உருப்படியான பதிவு அதுதான், அதனால இங்க விளக்கமா வைக்கிறேன்.

உயில் இல்லாம போனவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தா, மனைவிக்கு மூணுல ஒண்ணு, மிச்சம் மூணுல ரெண்டு பிள்ளைகளுக்குச் சமமா. அப்போ 84 சென்ட்ல அம்மாவுக்கு 28. அக்காவுக்க விடுதலை ஆதாரம் நிஜம்னே வச்சுக்குவோம், அது அப்பா வழி வந்த அவ பங்கைத்தான் விட்டுது. 1987-ல அம்மா உயிரோட இருக்காங்க, அவங்க 28 சென்ட் அவங்களுதுதான். 1999-ல அவங்களும் உயில் இல்லாம போனாங்க. அந்த 28-ல மூணுல ஒண்ணு அக்காவுக்கு வந்தாச்சு, ஒன்பதே கால் சென்டுக்கு மேல. ரேகை யாருதா இருந்தாலும் அதை அசைக்க முடியாது. ஆதாரம் பொய்னு ஆயிட்டா அக்காவுக்கு முழுசா 28.

மருமகளுக்க வக்கீலுக்கு இதை அனுப்பினேன். "ஆமா, இதைத் தனி வாதமா வைக்கலாம்"னு சொன்னாரு.

19 மே

வீட்டுல நிலைமை கேட்டிருக்கீங்க. என் பெண்சாதி எதிர்க்கல, பயப்படுறா. எங்களுக்குக் கல்யாண வயசுல ஒரு மக இருக்கா. 'சொந்த அண்ணனைக் கோர்ட்டுக்கு இழுத்த வீடு'ன்னு வர்ற இடத்துல சொல்லுவாங்கன்னு அவ கவலை. சொல்லத்தான் செய்வாங்க. சபையில கமிட்டிக்காரர் ஒருத்தர் ஆராதனை முடிஞ்சு வெளியே வரும்போது தோள்ல கை போட்டு, "நீங்க எல்லாம் சாட்சி நிறைஞ்ச குடும்பம், வெளியே கொண்டு போகாதீங்க"ன்னாரு. பைபிள்ல செலொப்பியாத்துக்க மகள்மார் மோசேக்கு முன்னால போய் எங்க அப்பன் பங்கு எங்கேன்னு கேட்டதும் சபைக்கு முன்னால வச்சுத்தானேன்னு கேட்டேன். கையை எடுத்துட்டாரு.

மகள்கிட்டயே கேட்டேன், உனக்கு இதனால கஷ்டம் வந்தா என்ன செய்வேன்னு. "அத்தை கைநாட்டுன்னு நான் சொல்லிக்கிட்டு திரியணுமாப்பா?"ன்னு கேட்டா. அவளுக்கு எழுத்துப் பழக்கி விட்டதே அக்கா. சிலேட்டுல இல்ல, முற்றத்து மணல்ல, விரலைப் பிடிச்சு.

23 மே

முதல் கேள்விக்கு இப்போ ஒழுங்கா பதில் சொல்றேன்.

சாவு பயம்னு சொன்னீங்க. உண்மையில ஒரு பயம் இருக்கு. என் சாவைப் பத்தின பயம் இல்லை, எனக்குப் பிறகு மிஞ்சப் போறதைப் பத்தின பயம். இருபது வயசுல ஒரு பொய்யைப் பார்த்துட்டு சும்மா இருக்கிறவன், நாளைக்கு வேற யாராவது சொல்லுவாங்க, அம்மா இருக்காங்க, சாட்சி இருக்காங்கன்னு நினைக்கலாம். ஐம்பத்தஞ்சுல திரும்பிப் பார்த்தா வேற யாரும் இல்லை. அந்த இடத்துல நின்னு பேசாம இருந்தா, அது ஒதுங்கி நிக்கிறது ஆகாது. பொய்க்குக் கடைசி ஒப்பம் போடுறதாயிடும். நடுவயசுக்கு ஒரு வேலை இருக்குன்னா இதுதான்னு நினைக்கிறேன். மேலே உள்ள தலைமுறை போயாச்சு, கீழே உள்ளது வந்து கேக்குது.

குடும்பத்தைப் பலி கொடுக்கிறேன்னும் சொன்னீங்க. மருமகளும் குடும்பம்தான். குடும்பம் சிதையக்கூடாதுன்னு சொல்ற எல்லாரும் அண்ணனையும் தம்பியையும் மட்டும் எண்ணுறாங்க. கட்டிக் கொடுத்தவளை அந்த எண்ணிக்கையில விட்டுடுறாங்க.

24 மே

"அண்ணன் செய்த நல்லதுக்கு நன்றி இல்லையா?" நன்றி இருக்கு. அவர் எனக்குச் செலவழிச்சதுக்கு என் பங்கை முழுசா அவருக்கு எழுதச் சொன்னா எழுதுவேன். அக்காவுக்க பங்கை எடுத்து என் கடனை அடைக்க எனக்கு உரிமை இல்லை.

3 ஜூன்

வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாச்சு. வக்கீல் முதல்ல எழுதின வரைவுல 'என் அண்ணன் வேறொரு பெண்ணைக் கொண்டு வந்து ரேகை வைத்தார்'னு இருந்தது. வெட்டச் சொன்னேன். நான் பார்க்கல. பார்த்தது மூணு: அக்கா அந்த நாள் ஆஸ்பத்திரியில இருந்தா, எழும்ப முடியாத நிலையில இருந்தா, எழுதப் படிக்க நல்லா தெரிஞ்சவ. இது மட்டும் இருக்கட்டும்னேன். வக்கீலுக்குத் திருப்தி இல்லை. ஆனா தெரியாததைச் சேர்த்தா குறுக்கு விசாரணையில தெரிஞ்சதும் சேர்ந்து போயிடும், அதோட அண்ணன் மேல நான் காணாத ஒண்ணைச் சுமத்தமாட்டேன்.

இன்னொண்ணும் செய்தேன். என் பேருல உள்ள 20 சென்ட்ல அக்காவுக்குச் சேர வேண்டியது மூணுல ஒரு பங்கு. வழக்கு எப்படி முடிஞ்சாலும் அதை மருமக பேருக்குப் பதிவு பண்ணித் தர்றேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். வீட்டுக்குத் தெற்கே கிணறு இருக்கிற பக்கம். கிணத்துத் தண்ணி ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு அவளே சொல்லிட்டா.

11 ஜூன்

அண்ணன் மூத்த மகன் வந்தான். சண்டைக்கு வரல. ஆதாரத்துக்க அசலைக் கொண்டு வந்திருந்தான். "சித்தப்பா, அப்பா தந்து விட்டாரு. கோர்ட் கேட்டா காட்டுங்கன்னு சொன்னாரு"ன்னான். வேற ஒண்ணும் சொல்லலியான்னு கேட்டேன். சொல்லல.

இதை வச்சு அண்ணன் மனசு மாறிட்டாருன்னு நான் எழுதமாட்டேன். என்கிட்ட இன்னும் பேசல. விக்கிற பேச்சை மட்டும் நிறுத்தியாச்சு. அசலை வக்கீல்கிட்ட ஒப்படைச்சு ரசீது வாங்கி, அதுல ஒரு நகலை அண்ணன் மகனுக்கும் கொடுத்துட்டேன். சமரச மையத்துல பேசி முடிக்கலாமான்னு ரெண்டு பக்கமும் யோசிக்கிறாங்க.

13 ஜூன்

இதே மாதிரி நிலையில இருக்கேன், என்னென்ன தேடணும்னு கேட்ட குலசேகரம் பக்கத்து அக்காவுக்கு:

ஆதாரத்தோட சான்றிட்ட நகல் சார்பதிவாளர் ஆபீஸ்ல கிடைக்கும், வில்லங்கத்துல உள்ள ஆவண எண்ணும் வருஷமும் போதும். தம்பி பிறந்த சமயத்துல அம்மா பேருல ஆதாரம் பதிவாச்சுன்னு சொன்னீங்க; அப்போ அவங்க எங்கே இருந்தாங்கன்னு காட்ட தம்பியோட பிறப்புச் சான்றிதழ்ல பிறந்த இடம் போட்டிருக்கும், பஞ்சாயத்துல கேளுங்க. கையெழுத்துக்குப் பழைய கடிதம், சொசைட்டி பாஸ்புக், சபை அல்லது சங்கத்து மினிட்ஸ் நோட்டு, எது தேதியோட இருக்கோ அது. எங்க மினிட்ஸ் நோட்டு சபை பீரோவுல கரையான் ஏறாம இருந்தது, போதகர் கையாலயே எடுத்துத் தந்தாரு. எதையும் லேமினேட் பண்ணாதீங்க, அசலை நிபுணர் பார்க்க வேண்டி வந்தா அது இடைஞ்சல். கண்ட ஆள் யாராவது உயிரோட இருந்தா அவங்களை முதல்ல போய்ப் பாருங்க, காகிதத்தை அப்புறம் தேடலாம்.